பயில்வான் காரா? பனிக்கு அஞ்சாத காரா?

கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு கார் வாங்கத்தான் போதும்.

கண்ணைப் பறிப்பது ஒரு கார். காரியத்துக்கு உதவுவது இன்னொரு கார்.

எதை வாங்குவது?

அமெரிக்காவில் எத்தனையோ வீடுகளில், சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்து கொண்டு கணவனும் மனைவியும் இந்தக் கேள்வியைப் போட்டு மண்டையை உடைத்துக் கொள்கிறார்கள்.

கேள்வி சிறியதுதான். ஆனால் அதில் பல ஆண்டுச் சேமிப்பு அடங்கி இருக்கிறது. சில சமயம் உயிரே அடங்கி இருக்கிறது!

மோட்டார் நகரம்

அமெரிக்காவின் வட பகுதியில் மிச்சிகன் என்று ஒரு மாநிலம். அங்கே இருக்கும் பெரிய ஊர் டெட்ராய்ட். "மோட்டார் நகரம்" என்று அதற்குப் பட்டப் பெயர். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் ஆகிய 3 பெரிய கார் கம்பெனிகளும் அந்த ஊரை ஒட்டி வளர்ந்தவைதான்.

அந்த ஊரில் ஒரு இளம் தம்பதி இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள்.

கணவனுக்குத் தொழிற்சாலையில் வேலை. மனைவி ஆஸ்பத்திரியில் நர்சு. அவளுக்கு அடிக்கடி இரவு வேலை வரும். வீட்டில் ஒரு கைக்குழந்தை. பழைய கார் ஓடி ஓடி ஓய்ந்து விட்டது. புதுக் கார் வாங்கியே ஆக வேண்டும்.

கணவனின் ஆசை, ஃபோர்டு கம்பெனியின் மஸ்டாங். சின்ன வயதில் அவனுடைய தகப்பனார் அந்தக் காரில் அவனை ஏற்றிக் கொண்டு போனார். அந்த உறுமல் இன்னும் அவன் காதில் இருக்கிறது.

மனைவி விரும்புவது, ஜப்பான் நாட்டின் சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். அதுவும் வேகமான கார்தான். ஆனால் அதற்கு 4 கதவு. 4 சக்கரமும் சேர்ந்து இழுக்கும்.

"ஜனவரி மாதம் இரவு 11 மணிக்கு, பனியில் நான் அல்லவா வேலைக்குப் போக வேண்டும்?" என்கிறாள் மனைவி.

இரண்டு பேர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இந்த இரண்டு கார்களின் கதையையும் கேட்டால் அது விளங்கும்.

பயில்வான் கார் என்றால் என்ன?

மஸ்டாங் போன்ற கார்களை அமெரிக்கர்கள் "மசில் கார்" என்பார்கள். மசில் என்றால் தசை. நம் பாஷையில் சொன்னால், பயில்வான் கார்!

நடுத்தர அளவில் ஒரு கார். அதற்குள் மிகப் பெரிய என்ஜின். பெரும்பாலும் 8 சிலிண்டர் என்ஜின். ஒரு பக்கம் 4, மறு பக்கம் 4 என்று விரிந்து நிற்கும். இந்த என்ஜின் பின் சக்கரங்கள் இரண்டையும் சுழற்றும்.

விலையும் மிக அதிகம் இல்லை. அதனால் தொழிலாளியின் மகன் கூட வாங்கலாம். அதுதான் அதன் கவர்ச்சி.

விதியை ஏமாற்றிய கார்

இந்த வகைக்குப் பிள்ளையார் சுழி போட்டது, 1964-ம் ஆண்டு மாடலாக வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. கார். அது பிறந்த கதை ருசிகரமானது.

பான்டியாக் என்பது ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஒரு பிரிவாக இருந்தது. அங்கே தலைமை என்ஜினீயராக இருந்தவர் ஜான் டிலோரியன். நடுத்தரக் காரில் இருக்கும் சிறிய என்ஜினை எடுத்து விட்டு, பெரிய காரில் இருக்கும் 6.4 லிட்டர் என்ஜினை வைத்தால் என்ன என்று அவரும் அவருடைய உதவியாளர்களும் யோசித்தார்கள். வெளி அளவில் இரண்டு என்ஜினும் ஏறக்குறைய ஒன்றுதான். கச்சிதமாக உட்கார்ந்து விட்டது!

ஆனால் ஒரு தடை. நடுத்தரக் கார்களில் அவ்வளவு பெரிய என்ஜினை வைக்கக் கூடாது என்று கம்பெனியில் ஒரு விதி இருந்தது.

டிலோரியன் கூட்டம் ஒரு தந்திரம் செய்தது. புதுக் கார் என்று சொன்னால்தானே மேலிடத்து அனுமதி வேண்டும்? "விருப்பப்பட்டவர்கள் தனிப் பணம் கொடுத்துச் சேர்த்துக் கொள்ளும் சாமான்" என்று அதை விலைப் பட்டியலில் போட்டு விட்டார்கள்!

5 ஆயிரம் கார் விற்றால் போதும் என்று நினைத்தார்கள். முதல் ஆண்டில் விற்றது 32 ஆயிரத்துக்கும் மேல்.

விதியை மீறியதற்குத் தண்டனை கிடைக்கவில்லை. மற்றக் கம்பெனிகளும் அதே வழியில் இறங்கின.

காட்டுக் குதிரை

அதே 1964-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி. நியூயார்க் நகரில் உலகப் பொருட்காட்சி. அங்கே ஃபோர்டு கம்பெனி மஸ்டாங் காரை அறிமுகப்படுத்தியது. மஸ்டாங் என்றால் காட்டில் திரியும் குதிரை. காரின் முகப்பிலும் ஓடும் குதிரைச் சின்னம்தான்.

விலை 2,368 டாலரில் தொடங்கியது. முதல் நாளிலேயே சுமார் 22 ஆயிரம் பேர் காருக்குப் பதிவு செய்தார்கள். ஓர் ஆண்டுக்குள் 4 லட்சத்துக்கு மேல் விற்றது. அந்தக் காரை முன் நின்று கொண்டு வந்த லீ அயகோக்கா நாடு முழுவதும் புகழ் பெற்றார்.

முதலில் வந்த மஸ்டாங் இலேசான கார்தான். பயில்வான் என்று சொல்ல முடியாது. பிறகு பெரிய என்ஜின்கள் வந்தன. குதிரை பயில்வான் ஆயிற்று.

டெட்ராய்டில் இருந்து பான்டியாக் ஊர் வரை உட்வர்டு சாலை என்று அகலமான சாலை போகிறது. 1960-களில் சனிக்கிழமை இரவு வந்து விட்டால், அந்தச் சாலையில் வாலிபர்கள் காரோடு காரைப் போட்டிப் போட்டு ஓட்டினார்கள். பச்சை விளக்கு எரிந்ததும் சீறிப் பாய்வார்கள். போலீசாருக்குத் தலைவலிதான்!

இன்று அங்கே ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதத்தில் பழைய கார்களின் ஊர்வலம் நடக்கிறது. 1995-ம் ஆண்டில் தொடங்கிய விழா அது. அன்று வாலிபராக ஓட்டியவர் இன்று பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு போகிறார்.

நமது டெட்ராய்ட் கணவனின் ஆசை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது அல்லவா?

பயில்வான் படுத்தான்!

பயில்வானின் ஆட்டம் நீண்ட நாள் நீடிக்கவில்லை.

வாலிபர்கள் விபத்தில் சிக்கினார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றின. 1970-ம் ஆண்டில் கார்ப் புகையைக் கட்டுப்படுத்தக் கடுமையான சட்டம் வந்தது. 1973-ம் ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பெட்ரோல் நிலையங்களில் கார்கள் வரிசை வரிசையாக நின்றன.

ஜி.டி.ஓ. கார் 1974-ம் ஆண்டோடு நின்றது. அதே ஆண்டு வந்த மஸ்டாங்கில் 8 சிலிண்டர் என்ஜினே கிடையாது! பயில்வானுக்குக் கஞ்சிதான் கிடைத்தது.

பிறகு என்ஜின் நுட்பம் வளர்ந்தது. பயில்வான் எழுந்து உட்கார்ந்தான். டாட்ஜ் சேலஞ்சர் 2008-ம் ஆண்டிலும், செவ்ரலே கமாரோ 2009-ம் ஆண்டிலும் புது உருவத்தில் திரும்பி வந்தன. ஆனால் சேலஞ்சர் 2023-ம் ஆண்டு இறுதியோடு நின்று விட்டது. கமாரோவும் ஏறக்குறைய அதே சமயத்தில் நின்றது. மஸ்டாங் மட்டும் தளராமல் நின்றது. அதன் 2024 மாடலில் 8 சிலிண்டர் என்ஜின் உள்ள ஜி.டி. காருக்கு 480 குதிரை சக்தி!

பனிக்காட்டில் பிறந்த யோசனை

இனி அடுத்த காரின் கதைக்கு வருவோம். அது தொடங்கிய இடம் அமெரிக்கா அல்ல. பின்லாந்து நாட்டின் பனிக்காடு.

1976-ம் ஆண்டு இறுதியில் குளிர்காலம். ஜெர்மனியின் ஆடி கம்பெனி என்ஜினீயர்கள் தங்கள் கார்களைப் பனியில் சோதித்துப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். அவர்களோடு ராணுவத்துக்காகச் செய்த ஒரு ஜீப்பும் இருந்தது. அதன் பெயர் இல்ட்டிஸ். அதற்கு வெறும் 75 குதிரை சக்திதான். ஆனால் 4 சக்கரமும் இழுக்கும்.

என்ன ஆயிற்று தெரியுமா? அதைவிடப் பலமான கார்கள் எல்லாம் பனியில் வழுக்கித் தவித்தன. ஜீப்போ அவற்றை முந்திக் கொண்டு போயிற்று!

யோர்க் பென்சிங்கர் என்ற என்ஜினீயருக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. "ஜீப்புக்கு உள்ள வசதியை வேகமான காருக்குக் கொடுத்தால் என்ன?" அவர் மேலதிகாரி ஃபெர்டினாண்ட் பீயெக்கிடம் போய்ச் சொன்னார். பீயெக் ஒப்புக் கொண்டார்.

மனைவி சொன்ன குறை

சோதனைக் கார் தயார் ஆயிற்று. ஒரு பெரிய அதிகாரி அதை வீட்டுக்கு எடுத்துப் போனார். அவருடைய மனைவி கடைவீதிக்கு ஓட்டிப் போய்த் திரும்பி வந்தாராம்.

"திருப்பும்போது கார் குதிக்கிறதே!" என்றாராம் அந்த அம்மாள்.

அவர் சொன்னது சரிதான். கார் திரும்பும்போது முன் சக்கரம் அதிக தூரம் ஓடும். பின் சக்கரம் குறைந்த தூரம் ஓடும். இரண்டையும் இறுக்கமாக ஒன்றாகக் கட்டி விட்டால் சக்கரங்கள் ஒன்றை ஒன்று இழுக்கும். கார் குதிக்கும்.

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, வேக வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி ஒன்றை வைத்தார்கள். குதிப்பு நின்றது.

1980-ம் ஆண்டு மார்ச் மாதம், ஜெனீவா கண்காட்சியில் ஆடி குவாட்ரோ கார் வெளிவந்தது.

மலையை வென்ற மங்கை

"இவ்வளவு சிக்கலான கார் பந்தயத்துக்கு ஆகாது" என்று சிலர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை அடக்கியவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. பிரான்சு நாட்டைச் சேர்ந்த மிஷேல் மூட்டோன். 1981-ம் ஆண்டு இத்தாலியில் நடந்த சான்ரேமோ பந்தயத்தில் குவாட்ரோ காரை ஓட்டி அவர் வென்றார். உலக ராலிப் போட்டி வரிசையில் ஒரு பெண் வெற்றி பெற்றது அதுவே முதல் தடவை. மறு ஆண்டு மேலும் 3 பந்தயங்களில் வென்றார். உலகப் பட்டத்தை மயிரிழையில் இழந்து, 2-வது இடம் பெற்றார்.

1985-ம் ஆண்டில் அவர் அமெரிக்காவுக்கே வந்தார். கொலராடோ மாநிலத்தில் பைக்ஸ் பீக் என்ற மலை. உயரம் 14 ஆயிரம் அடிக்கு மேல். 156 வளைவுகள். அன்று அது மண்ணும் சரளையுமான பாதை. ஓரத்தில் அதல பாதாளம்.

மூட்டோன் 11 நிமிடம் 25 விநாடியில் உச்சியை அடைந்தார். பழைய சாதனை முறிந்தது. அமெரிக்காவின் பெரிய என்ஜின்காரர்கள் வாயடைத்துப் போனார்கள்.

கார்த்திகை நட்சத்திரம்

ஆடி காட்டிய வழியில் ஜப்பானியக் கம்பெனிகள் இறங்கின. அவற்றில் முக்கியமானவை மிட்சுபிஷியும் சுபாருவும்.

சுபாரு என்றால் என்ன தெரியுமா? நாம் கார்த்திகை என்று சொல்லும் நட்சத்திரக் கூட்டத்துக்கு ஜப்பானிய மொழியில் அதுதான் பெயர். அந்தக் காரின் முத்திரையில் 6 நட்சத்திரங்கள் இருக்கும். நம் கதையில் கார்த்திகைப் பெண்கள் 6 பேர் அல்லவா!

சுபாரு கம்பெனி 1972-ம் ஆண்டிலேயே 4 சக்கரமும் இழுக்கும் சாதாரணக் காரைச் செய்தது. 1992-ம் ஆண்டில் அதன் பந்தய வகையான டபிள்யூ.ஆர்.எக்ஸ். வந்தது. காலின் மெக்ரே என்ற ஸ்காட்லாந்து வீரர் 1995-ம் ஆண்டில் சுபாரு காரில் உலக ராலிப் பட்டம் வென்றார். 2001, 2003-ம் ஆண்டுகளிலும் சுபாரு ஓட்டிய வீரர்களே பட்டம் பெற்றார்கள்.

இந்தக் கார் அமெரிக்கக் கடைகளுக்கு 2001-ம் ஆண்டில் வந்தது. பார்ப்பதற்குச் சாதாரணக் குடும்பக் கார். 4 கதவு. பின்னால் பெட்டி வைக்க இடம். ஆனால் மிதித்தால் பறக்கும்!

2024 மாடல் டபிள்யூ.ஆர்.எக்ஸ். காருக்கு 2.4 லிட்டர் என்ஜின்தான். 4 சிலிண்டர்கள் படுத்த வாக்கில் இருக்கும். புகையின் வேகத்தாலேயே ஒரு விசிறியைச் சுழற்றி, என்ஜினுக்குள் காற்றைத் திணிப்பார்கள். அதனால் 271 குதிரை சக்தி கிடைக்கிறது.

மஸ்டாங் 480. சுபாரு 271. பலத்தில் மஸ்டாங் எங்கோ போய் விட்டது. அப்படியானால் சுபாருவுக்கு என்ன பெருமை?

சேற்றில் சிக்கிய வண்டி

மாட்டு வண்டி சேற்றில் சிக்கிக் கொண்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு பெரிய பயில்வான் ஒரே சக்கரத்தைப் பிடித்துத் தள்ளுகிறான். அவன் கால் சேற்றில் வழுக்குகிறது. அவனுக்குப் பலம் இருந்து என்ன பயன்? காலுக்குப் பிடிப்பு இல்லையே!

சாதாரண ஆட்கள் 4 பேர், ஆளுக்கு ஒரு மூலையில் நின்று தள்ளுகிறார்கள். வண்டி மெல்ல அசைந்து மேலே ஏறி விடுகிறது.

பனியில் நடப்பதும் இதேதான். டயர் தரையைப் பிடிக்கும் அளவுக்குத்தான் என்ஜினின் பலம் பயன்படும். அதற்கு மேல் கொடுத்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். மஸ்டாங்கில் அவ்வளவு பலத்தையும் 2 பின் சக்கரங்களே தாங்க வேண்டும். சுபாருவில் அந்தச் சுமையை 4 சக்கரங்களும் பங்கு போட்டுக் கொள்கின்றன.

காய்ந்த சாலையில் மஸ்டாங்தான் ராஜா. நின்ற நிலையில் இருந்து 60 மைல் வேகத்தை எட்ட அதற்கு 4½ விநாடி போதும். சுபாருவுக்குச் சுமார் 5½ விநாடி. பனி விழுந்த சாலையில் கதை தலைகீழ்!

ஏமாற வேண்டாம்!

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம். உயிர் காக்கும் விஷயம்.

4 சக்கரமும் இழுத்தால் பனியில் கார் சுலபமாகக் கிளம்பும். மேட்டில் ஏறும். ஆனால் சுலபமாக நிற்குமா?

நிற்காது!

பிரேக் எல்லாக் கார்களிலும் 4 சக்கரத்துக்கும் உண்டு. மஸ்டாங்கிலும் 4. சுபாருவிலும் 4. நிற்கும் விஷயத்தில் சுபாருவுக்கு எந்தச் சலுகையும் கிடையாது.

இதை அறியாதவர்கள் என்ன செய்கிறார்கள்? கார் சுகமாகப் போகிறதே என்று வேகத்தைக் கூட்டுகிறார்கள். முன்னால் ஒரு லாரி நிற்கிறது. பிரேக்கை மிதிக்கிறார்கள். கார் சறுக்கிக் கொண்டே போகிறது!

வேகம் 2 மடங்கு ஆனால், பிரேக் பிடித்து நிற்க வேண்டிய தூரம் 4 மடங்கு ஆகும். இந்தக் கணக்கு எந்தக் காருக்கும் மாறாது.

பயில்வான் காரில் வேறு வகை ஆபத்து. ஈரச் சாலையில், வளைவில், ஆசைப்பட்டு ஒரு மிதி மிதித்தால் போதும். பின் பக்கம் வழுக்கி, கார் பம்பரமாகச் சுற்றி விடும். இப்போது கார் தடம் மாறினால் தானாகவே தனித்தனிச் சக்கரத்துக்குப் பிரேக் போடும் கருவி வந்திருக்கிறது. 2012 மாடல் முதல் அமெரிக்காவில் எல்லாப் புதுக் கார்களிலும் அது கட்டாயம். அது பெரிய உதவிதான். ஆனால் ஓட்டுபவரின் நிதானத்துக்கு அது ஈடு ஆகாது.

செருப்பு சரியில்லை என்றால்?

பனி நாட்டுக்காரர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை ஒன்று. காரை விட டயர் முக்கியம்!

வேகமான கார்களுக்குக் கோடைக் காலத்து டயர் போட்டு விற்பது உண்டு. வெயில் காலத்தில் அது சாலையை நன்றாகக் கவ்வும். ஆனால் குளிர் 7 டிகிரிக்குக் கீழே போனால் அந்த ரப்பர் இறுகத் தொடங்கும். பிடிப்பு குறையும். பனியில் அதை ஓட்டவே கூடாது.

குளிர்கால டயர் என்று தனியாக இருக்கிறது. அதன் ரப்பர் குளிரிலும் மெதுவாக இருக்கும். பனியைக் கவ்வ நுண்ணிய வெட்டுகள் இருக்கும்.

குளிர்கால டயர் போட்ட மஸ்டாங்கும், கோடை டயர் போட்ட சுபாருவும் பனியில் பிரேக் பிடித்தால், முதலில் நிற்பது மஸ்டாங்தான்! ஆகவே 4 சக்கர இழுப்புக் கார் வாங்கினாலும் டயர் வாங்கப் பணம் எடுத்து வைக்க வேண்டும்.

பணக் கணக்கு

இப்போது கணவனும் மனைவியும் காகிதமும் பேனாவும் எடுத்து உட்காருகிறார்கள்.

விலை: 2024 மாடலில் சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். 32 ஆயிரம் டாலருக்கு மேல் தொடங்கியது. மஸ்டாங் ஜி.டி. 41 ஆயிரம் டாலருக்கு மேல். வித்தியாசம் ஏறக்குறைய 9 ஆயிரம் டாலர்.

பெட்ரோல்: மஸ்டாங் ஒரு கேலனுக்குச் சுமார் 18 மைல் ஓடும். சுபாரு சுமார் 22 மைல். ஆண்டுக்கு 12 ஆயிரம் மைல் ஓட்டினால் சுபாருவில் 120 கேலன் மிச்சம். லிட்டர் கணக்கில் 450-க்கு மேல். ஆனால் சுபாருவுக்கு உயர்ந்த ரகப் பெட்ரோல்தான் போட வேண்டும். மிச்சத்தில் கொஞ்சம் அங்கே போய் விடும்.

டயர்: சுபாருவில் 4 டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒரு டயர் கிழிந்து, அதற்கு மட்டும் புது டயர் போட்டால், அளவு வித்தியாசத்தால் உள்ளே இருக்கும் பல்சக்கரப் பெட்டி கெட்டு விடலாம். ஆகவே ஒன்று போனால் சில சமயம் நாலும் வாங்க நேரும்!

இன்ஷூரன்ஸ்: இரண்டுமே வேகக் கார்கள். ஓட்டுபவர் வாலிபராக இருந்தால் கட்டணம் கூடுதல். கடைக்குப் போவதற்கு முன்பே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இரண்டு காருக்கும் கட்டணம் கேட்டுக் கொள்வது புத்திசாலித்தனம்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இரண்டு வகைக் கார்களையும் வாலிபர்கள் வாங்கி, என்ஜினில் கை வைத்து, பலத்தை ஏற்றி ஓட்டி இருப்பார்கள். வெளியே பளபளப்பு இருக்கும். உள்ளே நைந்து போயிருக்கும். நல்ல மெக்கானிக்கிடம் காட்டாமல் பணம் கொடுக்கக் கூடாது.

பின் சீட்டில் யார்?

மஸ்டாங்குக்கு 2 கதவு. பின்னால் சீட்டு உண்டு. ஆனால் வளர்ந்தவர்கள் அங்கே முழங்காலை மடக்கிக் கொண்டுதான் உட்கார வேண்டும்.

அமெரிக்காவில் கைக்குழந்தையை மடியில் வைத்துக் கொண்டு காரில் போகக் கூடாது. குழந்தைக்குத் தனித் தொட்டில் சீட்டு உண்டு. அதைப் பின் சீட்டில் கட்ட வேண்டும். 2 கதவுக் காரில், பனி கொட்டும்போது, குனிந்து வளைந்து குழந்தையை உள்ளே வைத்துக் கட்டிப் பாருங்கள். ஒரே வாரத்தில் இடுப்புப் பிடித்துக் கொள்ளும்!

இன்னொரு சங்கதி. பனி நாட்டில் சாலையில் உப்புத் தூவுவார்கள். பனி கரைவதற்காக. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, ஆயிரம் அடிக்கும் கீழே, பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது! இந்த உப்பு காரின் இரும்பை அரிக்கும். அதனால் பயில்வான் காரை ஆசையாக வைத்திருப்பவர்கள் பலர் குளிர்காலத்தில் அதை வெளியே எடுப்பதே இல்லை. போர்வை போட்டு மூடி விடுகிறார்கள். குளிர்காலத்துக்கு வேறு பழைய கார் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு கார் வைத்துக் கொள்ள வசதி இருந்தால் சரி. ஒரே கார் உள்ள வீட்டில் அப்படி மூடி வைக்க முடியுமா?

இரண்டும் ஒன்றானால்?

"பலமும் வேண்டும், பிடிப்பும் வேண்டும்" என்று கேட்பவர்களும் உண்டு. டாட்ஜ் கம்பெனி 2017-ம் ஆண்டில் சேலஞ்சர் காரில் 4 சக்கர இழுப்பைக் கொடுத்தது. ஆனால் அதில் 6 சிலிண்டர் என்ஜின்தான். 2024-ம் ஆண்டில் அதே கம்பெனி, மின்சாரத்தால் ஓடும் சார்ஜர் டேடோனா காரைக் கொண்டு வந்தது. அதில் 4 சக்கரமும் இழுக்கும். மின்சாரக் காருக்கு உறுமல் கிடையாது அல்லவா? ஆகவே செயற்கையாக உறுமல் சத்தம் போட ஒரு கருவியையும் வைத்தார்கள்!

பயில்வானும் கடைசியில் 4 சக்கரத்தின் உதவியை நாட வேண்டி வந்தது. குரலை மட்டும் அவன் விட்டுக் கொடுக்கவில்லை.

முடிவு என்ன?

வெயில் மாநிலத்தில் இருப்பவர், தனி ஆள், வீட்டில் இன்னொரு கார் உண்டு என்றால், மஸ்டாங் வாங்குவதில் தவறு இல்லை. ஆசைக்கும் வாழ்க்கையில் ஓர் இடம் உண்டு. மனம் மகிழ ஒரு கார் வாங்குவது பாவம் அல்ல. ஆனால் காலில் நிதானம் வேண்டும்.

பனி விழும் ஊர், ஒரே கார், குழந்தை குட்டி என்றால், 4 கதவும் 4 சக்கர இழுப்பும் உள்ள காரே மேல். ஆனால் "இது எங்கும் போகும்" என்ற மமதை கூடாது.

நமது டெட்ராய்ட் தம்பதி என்ன முடிவு செய்வார்கள்?

கணவன் காகிதத்தைப் பார்க்கிறான். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறான். பனி விழத் தொடங்கி விட்டது. இரவு 10 மணி. மனைவி வேலைக்குக் கிளம்பக் கோட்டை மாட்டிக் கொள்கிறாள்.

"சுபாருவையே வாங்குவோம்" என்கிறான் அவன். "முதலில் குளிர்கால டயர். பிறகுதான் மற்றது எல்லாம்."

"உங்கள் மஸ்டாங்?" என்று கேட்கிறாள் மனைவி.

"அது எங்கே ஓடிப் போகிறது? குழந்தை வளரட்டும். ஆகஸ்டு மாதம் உட்வர்டு சாலை ஊர்வலத்தில் மூன்று பேரும் போய்ப் பார்த்து விட்டு வருவோம்" என்கிறான்.

மனைவி சிரித்துக் கொண்டே கதவைத் திறக்கிறாள்.

"மெதுவாக ஓட்டு!" என்கிறான் கணவன்.

எந்தக் காருக்கும் பொருந்தும் புத்திமதி அது ஒன்றுதான்.